யாருக்கும் வலிக்கவில்லை

தோக்கியோவிலிருந்து வந்த ஃபேக்ஸில் இரண்டே வரிகள். ஸ்டூடியோ முதலாளி நாராயணன் அண்ணன் அதை மெஷினிலிருந்து கிழித்தெடுத்து, சுருண்டுபோகாமல் உள்ளங்கையால் மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"வாய்ஸ் எல்லாம் நல்லா இருக்காம். ஆனா யாருக்கும் வலிக்கலையாம்."

"யாருக்கு வலிக்கோணும்?" என்று சிவசம்பு ஐயா கேட்டார்.

"உங்களுக்குத்தான் ஐயா. நீங்கதான் அடி வாங்குறீங்க."

மலாய் நாட்டுத் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. அதுவரை தலைமுடி எண்ணெய்க்கும் தையல் மெஷினுக்கும் வானொலி விளம்பரம் செய்துகொண்டிருந்த இடம். தொண்ணூற்று மூன்றாம் வருடம் நாராயணன் அண்ணனுக்கு எப்படியோ ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் வாசனை கிடைத்துவிட்டது. 'பேம்பூ ஃபிஸ்ட்' என்று பெயர். மூங்கில் காட்டில் சண்டை கற்ற தொமோ என்கிற பையன், தன் ஊரைக் கொளுத்திய குரோடாவைத் தேடி மலை மலையாகப் போகிற கதை. குரோடா பாகத்துக்குப் பாகம் அடி வாங்கித் தப்பிவிடுவான். ஐம்பத்திரண்டு பாகம். அதற்கு இங்கிலீஷில் குரல் கொடுக்க வேண்டும். முதல் பாகத்தை மாதிரியாகச் செய்து இரண்டு தடவை அனுப்பினோம். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதைப் பார்க்க ஹயாஷி என்கிற அம்மையார் வெள்ளிக்கிழமை நேரிலேயே வருகிறாராம். அதுவும் பிடிக்கவில்லையென்றால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும்.

ஸ்டூடியோவுக்கு எண்ணெய் விளம்பரம் இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றுமில்லை. என் வேலை பெர்மிட் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

"வேலை இருந்தாத்தான் லெட்டர் குடுக்க முடியும் காசி," என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். "இல்லாத வேலைக்கு எப்படி லெட்டர் குடுக்குறது? இமிகிரேஷன்ல சிரிப்பான்லா."

காசிவிஸ்வநாதன் என்பது என் முழுப் பெயர். தேவகோட்டையில் என்னை வழியனுப்ப முப்பது பேர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள். பதினொரு மாதத்தில் பெட்டியோடு அதே பஸ் ஸ்டாண்டில் போய் இறங்குவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு காசட் பேசி அனுப்புவேன். 'நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, எல்லாரும் நல்லவங்க.' அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். போன கடிதத்தில் அப்பச்சி எழுதியிருந்தார்: 'நீ பேசுவது யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல் இருக்கிறதாம். ஆத்தா ஒரே காசட்டை மூன்று முறை போட்டுக் கேட்கிறாள்.'

என் வேலை வாய் எண்ணுவது. படத்தில் ஒருவன் பேசும்போது வாய் எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று விரல் கணுக்களில் எண்ணி, அந்த எண்ணிக்கைக்குள் இங்கிலீஷ் வசனம் அடங்குகிற மாதிரி சொல்லைக் கூட்டிக் குறைத்து எழுதித் தர வேண்டும். அப்படி எண்ணி எண்ணி முதல் பாகத்தை முந்நூறு தடவையாவது பார்த்திருப்பேன். திரைமுன் உட்கார்ந்தால் சண்டைக் காட்சியில் என் தோள் தானாகத் துள்ளும். "ஆடாம உக்காரு, நாற்காலி கிறீச்சுங்குது," என்று அண்ணன் திட்டுவார்.

வசனத்தில் எங்களுக்குக் குறையே இல்லை. கிள்ளானில் கான்வென்ட் டீச்சராக இருந்த மார்க்கிரட் அக்கா மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் ரயிலேறி வந்து தொமோவாகப் பேசுவார். ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணின் தொண்டைக்குள் பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே ஒளிந்திருந்தான் என்று தெரியாது. சிவசம்பு ஐயா ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மலைமேல் இருக்கும் கிழட்டுக் குருவும் அவர்தான், வில்லன் குரோடாவும் அவர்தான். அவருடைய இங்கிலீஷைக் கேட்டால் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தின மாதிரி இருக்கும்.

சிக்கல் அடியில்தான். ஜப்பானிலிருந்து வரும் டேப்பில் இசையும் கத்தி மோதும் சத்தமும் மட்டும் இருக்கும். மனிதக் குரல் ஒன்றுகூட இருக்காது. முனகல், மூச்சு, அலறல் எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டும். முதல் பாகத்தின் முடிவில், மூங்கில் பாலத்தில் நடக்கும் சண்டையில் குரோடா பத்தொன்பது அடி வாங்குகிறான். தொமோ பறந்து வந்து நெஞ்சில் உதைப்பான். ரெக்கார்டிங் அறையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிவசம்பு ஐயா "ஓ" என்பார். மேஜைமேல் புது ஃபைல் ஒன்றை யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி. அடிக்கிற மார்க்கிரட் அக்காவின் குரலோ கட்டுரை நோட்டில் பிழை திருத்துகிற மாதிரி இருக்கும்.

புதன்கிழமை முழுக்க வித்தை காட்டினோம். ஐயாவை மாடிப்படியில் ஏறி இறங்க வைத்தோம். மூச்சு வாங்கியதே தவிர வலி வரவில்லை. பச்சைமிளகாயைக் கடிக்கச் சொன்னோம். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார்.

"எனக்கு ஆரும் அடிச்சு அறுபது வருஷமாச்சுது தம்பி," என்றார் பரிதாபமாக. "மறந்துபோச்சுது."

போதாததற்கு ரயில் வேறு. தண்டவாளம் எங்கள் பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரம். வண்டி போனால் மைக் நடுங்கும். சுவரெல்லாம் பஞ்சு மெத்தையும் முட்டை அட்டையும் அடித்திருந்தும் பயனில்லை. ஆனால் எங்களிடம் டைம்டேபிள் இருந்தது. சிவசம்பு ஐயாவின் தலைக்குள். வசனத்தின் நடுவிலேயே கையைத் தூக்கி, "நிப்பாட்டுங்கோ, கிள்ளான் வண்டி," என்பார். அரை நிமிடத்தில் கட்டடம் அதிரும். பிறகு கையை இறக்கி, "இனிப் பதினாலு நிமிஷம் சுத்தம்," என்பார். அந்தப் பதினாலு நிமிடத்தில்தான் நாங்கள் வேலை செய்வோம்.

வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வண்டி போகிறவரை தயங்கினேன்.

"அண்ணே, ஒவ்வொருத்தரையும் தனித்தனியா உள்ள விட்டு ரெக்கார்ட் பண்றோம். அடிக்கிறவங்க தனியா அடிக்கிறாங்க, வாங்குறவங்க தனியா வாங்குறாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சா என்ன?"

"ஒரே மைக்லயா? அப்புறம் பிரிக்க முடியாதுலா."

"பிரிக்க வேண்டாம்ண்ணே. நெசமாவே அடிக்கட்டும்."

மார்க்கிரட் அக்கா பதறிப்போனார். "சாரையா? ஜீசஸ்! என்னோட கல்யாணத்துக்கு விட்னஸ் கையெழுத்துப் போட்டவர் அவரு."

"உன்ர மனுசன் செய்யிற வேலையளுக்கு, அந்தக் கையெழுத்துக்காகவே நீ எனக்கு அடிக்கலாம்," என்றார் ஐயா. ஆனாலும் அக்கா கையை ஓங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதனால் நான் உள்ளே போனேன். கதவுப் பக்கம் தொங்கிய பஞ்சு மெத்தையைக் கழற்றி என்னைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். அக்கா என்னை அடிக்க வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்து ஐயா குரோடாவாக முனக வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அக்கா மெத்தையில் ஒரு குத்து வைத்தார். ஈ ஓட்டின மாதிரி. "சாரி ஆ, காசி."

"டீச்சர், சாரி வேண்டாம்!" என்று அண்ணன் வெளியிலிருந்து ஸ்பீக்கரில் கத்தினார்.

இன்னொரு குத்து. "சாரி, மை பாய்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது. பயத்தில்தான் அது என் வாயில் வந்திருக்க வேண்டும்.

"டீச்சர்," என்றேன் தலையைக் குனிந்துகொண்டு. "ஹோம்வொர்க் செஞ்சேன் டீச்சர். ஆனா புக்க பஸ்ல விட்டுட்டேன்."

அக்காவின் கண் சுருங்கியது.

"நாளைக்குக் கொண்டு வரேன் டீச்சர்."

தொம் என்று விழுந்தது. மெத்தையிலிருந்து தூசி பறந்தது.

"எங்க மாமா செத்துட்டாரு டீச்சர், அதான்..."

"போன மாசமும் அவர்தானே செத்தாரு!" என்று கத்திக்கொண்டே அக்கா இரண்டு கையாலும் இறக்கினார். முப்பத்தொரு வருடம் வகுப்பில் கேட்ட பொய்கள் அத்தனைக்கும் சேர்த்து அன்று கணக்குத் தீர்ந்தது. தொமோவின் குரலில் முதன்முறையாகப் பல் தெரிந்தது.

"அதுதான்! அதுதான்!" அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, நேரம்?"

"நாலு மணி அஞ்சு நிமிஷச் சரக்கு வண்டிக்கு ஆறு நிமிஷம் இருக்கு."

சிவப்பு விளக்கு எரிந்தது. இனி நான் பேசக்கூடாது. படம் ஓடத் தொடங்கியதும் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: நாளைக்கு, டீச்சர், நாளைக்கு. அக்கா சீறிக்கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் சிவசம்பு ஐயாகூடக் கொஞ்சம் மிரண்டு, "ஓ"வுக்குப் பதில் "ஓவ்" என்றார். பதினைந்து, பதினாறு. கட்டின கயிறு தளர்ந்து மெத்தை என் இடுப்புக்கு வழுக்கியது. சொல்ல முடியாது, விளக்கு எரிகிறது. பதினெட்டு. பத்தொன்பதாவது குத்து, திரையில் தொமோவின் முஷ்டி குரோடாவின் விலாவில் இறங்கிய அதே நொடியில், வெறும் சட்டைமேல் என் விலாவில் இறங்கியது.

"ஆத்தா!" என்று கத்திவிட்டேன்.

ஐயா வாயைத் திறந்தபடி நின்றார். அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. திரையில் குரோடா பாலத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தான். பிறகு சரக்கு வண்டி வந்தது.

வண்டி போய் முடிந்ததும் அண்ணன் டேப்பைச் சுற்றிப் போட்டுக் கேட்டார். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இங்கிலீஷ் டப்பிங்ல ஆத்தா. இது எந்த ஊர் ஜப்பான்டா?"

"வெட்டிடலாம்ண்ணே."

"எப்படி வெட்டுறது? அதே இடத்துல டீச்சர் குரலும் இருக்கு. ஒண்ணா ரெக்கார்ட் பண்ணலாம்னு சொன்னது யாரு?"

நான்தான். திரும்ப எடுக்கலாம் என்றால் மார்க்கிரட் அக்காவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். ஆனால் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. பத்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

"எங்கட ஆட்கள் எண்டால் 'ஐயோ' எண்டு சொல்லுவினம்," என்று ஐயா யோசனையோடு சொன்னார். "அதெண்டாலும் பரவாயில்லை, இங்கிலீஷ்காரனுக்கும் விளங்கும்."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஹயாஷி அம்மையார் வந்தார். குட்டையான, மெலிந்த பெண். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். ஐந்து மணிக்கு விமானம் என்று வந்தவுடனேயே சொன்னார். மல்லிகைப்பூ மணக்கும் அந்த மாடியில் நேராக உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தார். பாலம் வந்தது. தொமோவின் கூச்சலைக் கேட்டு ஒரு தரம் தலையாட்டினார். குரோடாவின் ஒவ்வொரு 'ஓவ்'வுக்கும் நோட்டில் சின்னதாக ஒரு கோடு போட்டார். பதினெட்டுக் கோடு.

"ஆத்தா!"

பென்சில் நின்றது. "மறுபடி," என்றார் இங்கிலீஷில். அண்ணன் டேப்பைச் சுற்றினார். "மறுபடி." மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, யார் இது என்றார்.

சிவசம்பு ஐயா எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "மேடம், அது நான்தான்," என்று தன் அழகான இங்கிலீஷில் சொன்னார். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தார்.

அந்த அம்மையார் அவரை மேலும் கீழும் பார்த்து, "இல்லை," என்றார்.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தூக்குவது போல. "என் தப்பு மேடம். அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். மெத்தை வழுக்கிடுச்சு."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹயாஷி அம்மையார் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "பதினெட்டு தடவை ஒரு கனவான் விழுகிறார். பத்தொன்பதாவது தடவை ஒரு மனிதன் விழுகிறான். இந்தக் கெட்டவனுக்கும் ஒரு அம்மா இருந்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. பத்தொன்பதும் இப்படி வேண்டும். ஆனால் ஐம்பத்திரண்டு பாகத்துக்கும் மெத்தை வழுக்காது. இந்தப் பையனால் அடிபடாமல் செய்ய முடியுமா? இப்போதே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு அம்பது வண்டி போகட்டும். அதுக்குப் பிறகு பதினொரு நிமிஷம் சுத்தம்." தன்னுடைய ஹெட்ஃபோனை எடுத்து வந்து என் தலையில் மாட்டிவிட்டார். "இந்தா, குரோடாவை நீ வைச்சுக்கொள். எனக்குக் குரு மட்டும் போதும். அவருக்கு ஆரும் அடிக்க மாட்டினம்."

கண்ணாடி அறைக்குள் போய் நின்றேன். ரயில் போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. தொமோ பறந்து வந்து நெஞ்சில் உதைத்தான்.

"ஓ," என்றேன். பிறகு, "சாரி," என்று மைக்கிடமே சொன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் படத்தை நிறுத்தினார். இரண்டாம் தடவையும் அதே 'ஓ'. கையில் ஒரு தாள் வைத்திருந்தேன். எந்த நொடியில் எந்த அடி என்று என் கையாலேயே எழுதிய தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடி வருவதற்கு முன்பே நான் தயாராகிவிடுகிறேன். முந்நூறு தடவை பார்த்தவனுக்குத் தாள் எதற்கு? தோளுக்குத் தெரியாதா? மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"ஆறு நிமிஷம்," என்று ஹெட்ஃபோனில் ஐயாவின் குரல் கேட்டது.

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே மார்க்கிரட் அக்கா எழுந்து நின்றிருந்தார். குரலில்லை. வசனத் தாள்களைப் பிரம்பு போலச் சுருட்டித் தலைக்குமேல் ஓங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்: ஹோம்வொர்க் எங்கே?

படம் ஓடியது. சுருள் இறங்கியது. என் நெஞ்சிலிருந்து காற்று தானாக வெளியே போனது. இரண்டாவது அடி தாடையில். பல்லுக்குள் சத்தம் நொறுங்கியது. மூன்றாவதில் முழங்கால் மடங்கியது, நாலாவதில் இருமல் வந்தது. எங்கே எப்படி வலிக்கும் என்று நான் யோசிக்கவில்லை. பதினொரு மாதமாக 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்' என்று அமுக்கி வைத்திருந்த தொண்டை அது. ஒரு துளை கிடைத்ததும் ஒவ்வொன்றாக வந்தது. பன்னிரண்டாவதில் சுவரில் சாய்ந்தேன். பதினாறில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது; குரோடா நிஜமாகவே அங்கே சிரிக்கிறான், அதை அதுவரை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. பதினெட்டு. ஜன்னலோரம் சிவசம்பு ஐயா போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தார். வண்டி வருகிறது. அக்காவின் சுருள் கடைசியாக இறங்கியது.

"ஆத்தாஆ!"

குரோடா விழுந்தான். விளக்கு அணைந்தது. அடுத்த நொடி வண்டி வந்து கட்டடத்தையே உலுக்கியது. முட்டை அட்டைகள் நடுங்கின. அது போய் முடியும்வரை யாரும் அசையவில்லை.

ஹயாஷி அம்மையார் தன் விலாவில் கையை வைத்து, "இத்தாய்," என்றார். ஜப்பானிய மொழி எங்களில் யாருக்கும் தெரியாது. வலிக்கிறது என்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. நோட்டில் போட்டிருந்த பதினெட்டுக் கோட்டையும் குறுக்கே ஒரே இழுப்பாக அடித்துவிட்டு, ஐம்பத்திரண்டு என்று எழுதி வட்டம் போட்டார்.

அண்ணன் கீழே ஓடிப்போய் ஒரு மாலையோடு வந்தார். விருந்தாளிக்குப் போடத்தான் வாங்கியிருப்பார். ஆனால் எந்தக் குழப்பத்திலோ என் கழுத்தில் போட்டுவிட்டார். "லெட்டர் டைப் பண்ணுடா!" என்று கத்தினார். "யாருக்குண்ணே?" என்றேன். "இமிகிரேஷனுக்குலா! உன் லெட்டர், நீயே டைப் பண்ணு!" மாலையோடு உட்கார்ந்து டைப் அடித்தேன். நாலு தப்பு. பெர்மிட்டில் முத்திரை விழ ஒன்பது நாள் ஆனது.

அந்த மாதக் காசட்டில் முதலில் இதைத்தான் சொன்னேன்: "ஆத்தா, இப்ப ஒரு சத்தம் வரும். பயந்துடாதீங்க. இதுக்குத்தான் எனக்கு வேலை குடுத்திருக்காங்க." பிறகு பத்தொன்பது அடியையும் போட்டேன். அப்பச்சியிடமிருந்து பதில் வந்தது: 'நாலு வீட்டாரைக் கூப்பிட்டு ஆத்தா போட்டுக் காட்டினாள். கடைசிச் சத்தத்துக்கு மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போதுதான் உன் குரல் மாதிரி இருக்கிறதாம். உன்னை அடித்தது யார் என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.'

மறு வருடம் தொடர் டிவியில் வரத் தொடங்கியது. மூன்றாம் வாரம், சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டேஷனிலிருந்து வந்த மார்க்கிரட் அக்காவோடு பின்சந்து வழியாக நடந்துகொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் கலந்து, சாக்கடைப் பாலத்தை மூங்கில் பாலமாக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சீனப் பையன் பறந்து வந்து குத்தினான். வாங்கிய மலாய்ப் பையன் விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, சந்தே அதிர ஒரு சத்தம் போட்டு மல்லாந்து விழுந்தான்.

"ஆத்தாஆ!"

"டேய், இப்ப நான் சாகுறேன், என்னோட டர்ன்!" என்று நம் பையன் ஒருவன் சண்டைக்கு வந்தான்.

அக்கா நின்றுவிட்டார். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பிள்ளைகளைச் சுட்டிக் காட்டி, வழியில் போன முன்பின் தெரியாத ஒரு ஆளை நிறுத்திச் சொன்னார்:

"கேட்டீங்களா அங்கிள்? அது நான் குடுத்த அடி."